புறப்படுங் காலத்து இடர்கள்: கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை சரிதம்

தருமபுரி நாட்டில் வாழும் நம்மவர்க்குக் கடல் என்பது கேள்வியால் அறியப்பட்டதேயன்றிக் கண்டு பழகிய பொருளன்று. மலையும் காடும் புன்செயும் சூழ்ந்த இப்பக்கத்தில் கலம் என்று சொல்லத்தக்கது ஒகேனக்கல்லிற் காவிரியின்மீது மிதக்கும் பரிசில் ஒன்றே. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் நீர்புகாப் போர்வை கட்டி, ஒரு துடுப்பினால் தள்ளப்படும் அப்பரிசிலில் பழுதாவதற்குரிய பொறி யாதொன்றும் இல்லை. ஓட்டுவோன் கைவலியும் நீரோட்டம் அறிந்த கண்ணும் இருந்தாற் போதும். ஏறியவர் கரை சேர்வர்.

பொறியால் ஓடும் மரக்கலத்தின் நிலை அவ்வாறன்று. அது கரையை விட்டு நீங்கும் அந்த முதல் நாழிகையே அதற்குப் பெருஞ்சோதனையாகும். அச்சோதனையை ஒருவர் எங்ஙனம் எதிர்கொண்டார், எதனால் வென்றார், பின் எதனால் இழந்தார் என்பதை ஆராய்ந்தால் கூட்டுத் தொழில் நடத்த விரும்பும் எச்சங்கத்தார்க்கும் பயன் உண்டு. அக்கருத்துப் பற்றியே கப்பலோட்டிய தமிழர் என்று நாடறிந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் வரலாற்றை நம் சங்க அங்கத்தினர்களும் அவர்தம் குடும்பத்தாரும் படித்தறியுமாறு இங்கு எழுதத் துணிந்தோம். அவருடைய வாழ்வு நம் மாவட்டத்தோடும் ஒரு வகையில் தொடர்புடையதே என்பது பின்னர் விளங்கும்.

பொறியின் இயல்பு

நீராவிக் கப்பலைப்பற்றி முதற்கண் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். பாய்லர் என்னும் பெருங்கொப்பரையில் நீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைச் சிலிண்டர் என்னும் உருளைக்குட் செலுத்தினால், அது உள்ளிருக்கும் பிஸ்டனை மேலுங் கீழும் தள்ளும். அத்தள்ளுதல் சுழற்சியாக மாறிக் கப்பலின் பின்புறத்துச் சுழல்விசிறியைத் திருப்பும். சொல்லுதற்கு இஃது எளிது, தொடங்குதற்கு அரிது.

பாய்லரில் தீயை விரைந்து மூட்டலாகாது. விரைந்து மூட்டினால் இரும்புத் தகடு ஒருபுறம் சூடேறி மற்றொருபுறம் குளிர்ந்திருந்து, இணைப்புக்கள் நெகிழ்ந்து கசியும். ஆதலின் பல மணி நேரம் முன்னதாகவே தீயிட்டுப் பையப்பைய ஆவி ஏற்றுவர். குளிர்ந்து கிடக்கும் சிலிண்டருக்குள் ஆவி புகுந்தவுடன் அது நீராகிவிடும். ஆவி அமுங்கும், நீரோ அமுங்காது. பிஸ்டன் அந்நீரில் மோதுமாயின் சிலிண்டரின் மூடியே உடைந்துபோதலும் உண்டு. இது பற்றியே அனுபவமுள்ள எஞ்சினியர் வடிகுழாய்களைத் திறந்து நீரைப் போக்கி, சிலிண்டரை வெதுப்பி, பொறியை முன்னும் பின்னுமாகச் சிறிது அசைத்துப் பார்த்து, அதன் பின்னரே நங்கூரம் எடுக்க இசைவு தருவர்.

உலகத்தில் வாணிக முறையில் முதன்முதல் வெற்றியாக நீராவிப் படகு செலுத்திய ராபர்ட் புல்ட்டன் என்னும் அமெரிக்கர்க்கும் இவ்விடர் நேர்ந்தது. அவர் முதலில் ஓவியராயிருந்து பின் பொறித்தொழிலிற் புகுந்தவர். 1803 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஸீன் நதியில் அவர் கட்டி நிறுத்திய படகு, பொறியின் சுமை தாங்காது முறிந்து நீரில் மூழ்கிற்று. அவர் அதனைக் கேட்டுத் தலையிற் கைவைத்து உட்கார்ந்தாரல்லர்; மூழ்கிய பொறியை மேலே எடுத்துப் படகை வலுவாக மறுபடி கட்டி, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே ஓட்டிக் காட்டினார். பின்னர் 1807 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து ஹட்சன் நதியில் புறப்பட்ட அவருடைய படகு சிறிது தூரம் சென்று நின்றுவிட்டது. உடனிருந்த நண்பர்களும் முணுமுணுத்தனர். அவர் அரைமணி நேரம் பொறுக்குமாறு அவர்களை வேண்டிக் கீழே இறங்கிப் பொறியை ஆராய்ந்து, ஓருறுப்புச் சிறிது பிசகி அமைந்திருத்தலைக் கண்டு செப்பம் செய்தார். படகு மீண்டும் நகர்ந்தது. ஏறத்தாழ 150 மைல் தொலைவிலுள்ள ஆல்பனி நகரத்தை 32 மணி நேர ஓட்டத்தில் அடைந்தது. அந்த அரைமணிப் பொறுமை இல்லையாயின் அன்றைய முயற்சி நகைப்புக்கிடமாய் முடிந்திருக்கும்.

பொறியில் நேரும் இவ்விடரே தொழில் நிலையங்களிலும் நேர்கின்றது. கப்பல் நடத்தும் கம்பெனி என்பதும் ஒரு பொறியே. மூலதனம் அதன் நீர். மக்கள் ஊக்கம் அதன் தீ. நிர்வாகிகள் ஒற்றுமை அதன் இணைப்பு. இவற்றுள் ஒன்று பிசகினாலும் கலம் துறையிலேயே நிற்கும். இதனைப் பிள்ளையவர்கள் வரலாறு நன்கு காட்டும்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், 1872 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மைந்தராய்ச் சிதம்பரம் பிள்ளை தோன்றினார். தந்தையார் வக்கீல் தொழில் புரிந்தவர். மைந்தரும் அத்தொழிற்கே கற்றுத் தேறி, ஒட்டப்பிடாரத்திலேயே வழக்காடத் தொடங்கினார். ஏழை எளியவர்க்காக எதிர்ப்பக்கத்தாரின் செல்வாக்கை நோக்காது வாதாடும் இயல்பு அவர்க்கு இளமையிலேயே அமைந்திருந்தது. 1900 ஆம் ஆண்டளவில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். இம்மாற்றமே வக்கீலைக் கப்பல் வணிகராக்கிற்று.

தூத்துக்குடி அக்காலத்தில் தென்றமிழ் நாட்டின் வாணிக வாயில். பருத்தியும் நூலும் அரிசியும் பிறவும் அங்கிருந்து கொழும்புக்குச் சென்றன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்பு நாடிச் சென்ற தமிழ்மக்களிற் பலர் அத்துறையிலேயே கப்பலேறினர். இப்போக்குவரவு முழுதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்னும் ஆங்கிலக் கம்பெனியின் கையிலேயே இருந்தது. கட்டணம் அவர்கள் வைத்ததே. ஏற்றும் முறையும் அவர்கள் வகுத்ததே. உள்நாட்டு வணிகர் தம் சரக்கு எப்போது ஏறும் என்று காத்துக்கிடக்கவேண்டியவராயினர்.

1905 ஆம் ஆண்டில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதும் நாடெங்கும் சுதேசியம் என்னும் உணர்ச்சி மூண்டது. பலர் அந்நியத் துணியை விலக்குதலோடு நின்றனர். பிள்ளையவர்களோ தம் ஊர்த்துறையை நோக்கினார்; பகைமைப் பேச்சினும் போட்டித் தொழிலே வலிது என்று துணிந்தார்.

கம்பெனி தோன்றியது

1906 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய் என வகுத்து, அதனை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரமாகப் பிரித்தனர். இருபத்தைந்து ரூபாய் என்பது அன்று சிறு தொகையன்று. எனினும் நடுத்தரக் குடும்பத்தாரும் ஒரு பங்கேனும் வாங்கலாம் என்னும் கருத்தாலேயே அவ்வாறு பிரிக்கப்பட்டது. ஆசியாக் கண்டத்தவர்க்கே பங்கு உரியது என்றும் விதி செய்தனர்.

கம்பெனியின் தலைவராக அமர்ந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அவர்கள். 1901 ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவித் தமிழ்ப் புலவர்களை ஆதரித்த வள்ளல் அவரே. தமிழ் வளர்த்த கை கப்பலையும் வளர்க்க முற்பட்டது என்பது தமிழாசிரியராகிய நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் எண்ணாயிரம் பங்கு வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தார். சட்ட ஆலோசகருள் ஒருவராகச் சேலம் விஜயராகவாச்சாரியார் துணை நின்றார். தருமபுரி அந்நாளிற் சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்தது. 1965 ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமாயிற்று. ஆதலின் இக்கடற்றொழிலில் நம் பக்கத்தார் கையும் சிறிது பட்டது எனலாம். பல சாதியாரும் பல சமயத்தாரும் ஒரு கணக்கேட்டின்கீழ்ப் பெயரெழுதி நின்ற அக்காட்சி எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது.

துறையில் நின்ற கலம்

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் ஒன்றேனும் இல்லை. ஷா லைன் என்னும் பம்பாய்க் கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினர். உள்நாட்டு வணிகர் தம் மூட்டைகளைச் சுதேசிக் கப்பலுக்கே அனுப்பினர்.

ஆங்கிலக் கம்பெனியார் வாளா இருந்தாரல்லர். அவர்கள் ஷா லைன் கம்பெனியாரை நெருக்கினர். நெருக்குண்ட அவர்கள் தங்கள் கப்பல்களை விலக்கிக்கொண்டனர். பயணிகள் இருந்தனர், சரக்கு இருந்தது, பங்குதாரர் இருந்தனர். ஓடுதற்குக் கலம் மட்டும் இல்லை. புல்ட்டனுடைய படகு ஆற்றின் நடுவே நின்றது போலச் சுதேசிக் கம்பெனி துறையிலேயே நின்றது.

இந்நிலையில் பிள்ளையவர்கள் செய்தது இரண்டு. முதலாவது, உடனடிப் பரிகாரம். அவர் காலந்தாழாது கொழும்புக்குச் சென்று ஒரு பெரிய நீராவிக் கப்பலை வாடகைக்குப் பேசிக்கொணர்ந்து ஓட்டத்தை மீண்டும் தொடங்கினார். ஓட்டம் சில நாள் தடைப்படினும் வணிகர் பழைய கம்பெனிக்கே திரும்பிவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டாவது, நிலையான பரிகாரம். பிறர் கப்பலை நம்பிய வாணிகம் பிறர் கண்ணசைவில் நின்றுவிடும். ஆதலின் சொந்தக் கப்பல் வாங்கியே தீர்வது என்று உறுதி கொண்டார். பழுதை அப்போதைக்கு ஒட்டவைத்தலும், பழுதின் வேரையே களைதலும் வெவ்வேறு என்பதையும், இரண்டும் வேண்டும் என்பதையும் உணர்ந்தவர் அவர்.

சொந்தக் கப்பல் வந்தது

கப்பல் வாங்கும் பொருட்டுப் பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலிலேயே உயிர் விடுவேன் என்னுங் கருத்துப்படச் சூளுரைத்துச் சென்றாரென்றும், அந்நேரத்தில் அவருடைய மூத்த மைந்தர் நோயுற்றுக் கிடந்தாரென்றும், மனைவியார் நிறைசூலியாயிருந்தாரென்றும், நண்பர் தடுத்தபோது அவர்களைக் கடவுள் காப்பார் என்று விடையிறுத்து நீங்கினாரென்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். குடும்பத்தை மறந்து பொதுக்காரியத்தை நோக்குதல் எல்லார்க்கும் தகும் என்று நாம் கூறவில்லை. வீட்டில் இருந்து அத்துயரைத் தாங்கிய மீனாட்சி அம்மையாரின் பங்கும் அக்கப்பலின் விலையிற் சேர்த்து எண்ணத்தக்கது என்பதை மட்டும் கூறுவோம்.

1907 ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனியின் உடைமையாயின. அவற்றுள் காலியாவில் ஆயிரத்து முந்நூறு சாதாரண வகுப்புப் பயணிகளும் நாலாயிரம் மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். வாடகைக் கலத்தை நம்பி நின்ற கம்பெனி ஓராண்டு நிறைவதற்குள் இரண்டு கலம் உடையதாயிற்று. துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று களிகூர்ந்தனர்.

இங்கு ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. அக்காலத்துத் தூத்துக்குடித் துறை ஆழமற்றது. பெருங்கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் சில மைல் தூரத்திலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் தோணிகளில் ஏறி அலையோடு போராடியே கப்பலை அடையவேண்டும். ஒரு கப்பல் வாங்கினால் மட்டும் போதாது. தோணிகளும், தோணிக்காரரும், சுமையாட்களும், நிலக்கரியும், தீத்தள்ளுவோரும், எஞ்சினியரும், மாலுமிகளும், கொழும்பில் ஏஜெண்டுகளும் என ஒரு பெருங்குடும்பத்தையே நடத்தவேண்டும். கப்பல் நிறைந்து சென்றாலும் குறைந்து சென்றாலும் பாய்லரில் எரியும் நிலக்கரியின் செலவு பெரிதும் மாறாது. சட்டம் பயின்ற ஒருவர் இவற்றையெல்லாம் சில மாதங்களிற் கற்றுத் தேர்ந்தார் என்பதே வியப்புக்குரியது.

கட்டணப் போர்

கப்பலை விலக்கச் செய்தும் பயனில்லாமற் போகவே ஆங்கிலக் கம்பெனியார் விலைப் போர் தொடங்கினர். கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் ஆங்கிலக் கம்பெனியார் கட்டணமே இன்றி ஏற்றிச்செல்லவும், ஏறியவர்க்குக் குடை இனாமாக அளிக்கவும் முற்பட்டனர். பெருமுதல் உடையவர் நட்டத்தை ஈராண்டு தாங்குவர். சிறுமுதல் உடையவர் ஈராண்டில் முடிந்துபோவர். இப்போரில் அறிவினும் வீரத்தினும் பணப்பையின் ஆழமே பெரிதாயிற்று. இலவசப் பயணத்தை விடுத்துக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியோரும் உளர். குடை பெற்றோர் அதன் விலையைப் பின்னர்க் கட்டண உயர்வாகச் செலுத்தவேண்டி வரும் என்பதை நினைந்திலர். அவர் ஏழைகள், அவர்மேற் குறை கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒரு நாள் இலவசம் பல்லாண்டு அடிமையாகலாம் என்பது நாம் மறத்தற்பாலதன்று.

அடக்குமுறையும் சிறையும்

1908 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். வத்தலக்குண்டிற் பிறந்த அவ்விளைஞர் சொல்வன்மை மிக்கவர். பிள்ளையவர்கள் அவரைத் தம்முடன் வைத்து ஆதரித்தார். இருவரும் மேடையேறிப் பேசினர். அவ்வாண்டு பெப்ருவரி 27 ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, பிள்ளையவர்கள் அவர்க்கு உறுதுணையாய் நின்று கோரிக்கை நிறைவேறச் செய்தார். அரசாங்கத்தாரின் சினம் இதனால் முற்றிற்று. மார்ச்சு 12 ஆம் நாள் அவரும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிற் பெருங்கலகம் மூண்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர்.

ஜூலை 7 ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். இராஜநிந்தனைக்கு இருபதாண்டும், சிவாவுக்கு உதவியதற்கு இருபதாண்டும் எனப் பிள்ளையவர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நண்பர்க்குச் சோறும் இடமும் அளித்தமை அத்துணைப் பெருங்குற்றமாயிற்று. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

கோயமுத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுக்க வைக்கப்பட்டார். மாடு பூட்டி இழுக்கும் செக்கில் மனிதரைப் பூட்டினர். அச்செக்கு இன்றும் சென்னைக் கிண்டியிற் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. சென்னை செல்லும் நம் மக்கள் தம் பிள்ளைகளை அழைத்துச்சென்று காட்டவேண்டும். ஆயிரம் பேரைச் சுமக்கும் பொறியை நீராவியால் இயக்கியவர், தாமே ஒரு பொறியின் விசையாக வெயிலிற் சுழன்றார். 1910 ஆம் ஆண்டு இறுதியில் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

கம்பெனி வீழ்ந்த காரணம்

மாலுமி சிறைப்பட்ட கப்பல் நெடுநாள் ஓடவில்லை. 1911 ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் அதனை எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனிக்கே விலைப்பட்டது என்பர். சிறையிலிருந்த பிள்ளையவர்களுக்குச் செக்கினும் கொடிய துன்பம் இச்செய்தியே ஆயிருத்தல் வேண்டும்.

இவ்வீழ்ச்சிக்கு அரசாங்கத்தின் கொடுமையே காரணம் என்று கூறி அமைதல் எளிது. அது பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உண்மையை நாடுவோர் பிறவற்றையும் நோக்கவேண்டும். பிள்ளையவர்கள் ஒரு கையிற் சுக்கானையும் மறுகையிற் போர்க்கொடியையும் பிடித்திருந்தார். நிர்வாகிகளுட் சிலர், அரசியற் பேச்சு வாணிகத்துக்கு ஊறு செய்யும் என்று அஞ்சினர். அவர் அச்சம் முழுவதும் பிழையென்று நாம் கூறமாட்டோம். பிள்ளையவர்கள் துணிவையும் பிழையென்று கூறமாட்டோம், ஏனெனில் அத்துணிவு இல்லையாயின் கம்பெனியே தோன்றியிராது. குறை வேறொன்றில் உளது. அவர் இல்லாதபோது அவர் இடத்தில் நின்று தொழிலை நடத்துதற்கு இரண்டாமவர் ஒருவர் ஆக்கப்படவில்லை. ஊக்கத்தின்போது பங்கு வாங்கியோர், ஆபத்தின்போது உடன் நிற்கவில்லை. தீ எரிந்தது, ஆனால் இணைப்புக்கள் நெகிழ்ந்தன. தொடக்கத்தில் நேர்ந்த இடரை ஒருவர் தம் வலியால் தீர்த்தார். பின்னர் வந்த இடரோ பலர் கூடித் தீர்க்கவேண்டியதாயிருந்தது, அப்பலர் கூடினாரல்லர்.

விடுதலையும் சிவாவின் நட்பும்

1912 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள் பிள்ளையவர்கள் விடுதலை பெற்றார். காலியா வந்த நாளில் துறையில் திரண்ட கூட்டம் அன்று சிறைவாயிலில் இல்லை. அவரை எதிர்கொள்ள வந்து நின்றவர் சிவா என்று கூறுவர். சிவாவோ சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகி, உருவம் மாறியிருந்தார். ஒருவரையொருவர் காத்ததற்காகவே தண்டனை பெற்ற இருவரும் அவ்வாறு சந்தித்ததை எண்ணுவோர் கண் கலங்காதிரார்.

அச்சிவாவே பின்னாளில் நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியை இருப்பிடமாகக் கொண்டார். அங்கே ஆசிரமம் அமைத்துப் பாரத மாதாவுக்குக் கோயில் எடுக்கவேண்டுமென்று ஊர்தோறும் அலைந்தார். நோய் காரணமாக இரயிலேறத் தடைப்பட்டபோதும் கால்நடையாகவும் வண்டியிலுமாகச் சென்று தொண்டு புரிந்தார். 1925 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் பாப்பாரப்பட்டியிலேயே உயிர் நீத்தார். அவருடைய நினைவிடம் அங்குள்ளது. தூத்துக்குடிக் கடலலையும் நம் பாப்பாரப்பட்டி மண்ணும் இந்நட்பினால் இணைந்தன. கடலறியாத நம் பிள்ளைகள் கப்பலோட்டியவரை அறியவேண்டுவது எதற்கு என்று வினவுவார்க்கு இதுவே விடையாகும்.

பிற்கால வாழ்வு

விடுதலைக்குப்பின் பிள்ளையவர்கள் வறுமையோடு போராடினார். வக்கீல் உரிமை பறிக்கப்பட்டிருந்தமையால் சென்னையிற் கடை வைத்தும், பிற சிறு தொழில்கள் செய்தும் குடும்பத்தை ஓட்டினார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நல்லெண்ணத்தால் அவ்வுரிமை மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த உதவியைப் பெயராகப் போற்றினார். பகைமையினின்றும் நன்றியைப் பிரித்தறியும் பண்பு இதுவே. பின்னர்க் கோவிற்பட்டியில் தொழில் நடத்தி, 1932 ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கே மீண்டார்.

இவ்வறுமையிடையிலும் அவர் தமிழை விட்டாரல்லர். சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூல்களை மொழிபெயர்க்கத் தொடங்கினார். மனம்போல வாழ்வு, அகமே புறம் என்பன அவ்வழி வந்தவை. மெய்யறிவு, மெய்யறம் என்னும் நூல்களையும், தம் வரலாற்றைச் செய்யுளாகவும் இயற்றினார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் செய்த உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையையும் அச்சேற்ற உழைத்தார். ஏட்டிற் சிதைந்த எழுத்தை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிச் செப்பஞ்செய்தல் எளிய வேலையன்று. அதற்கும் பிசகிய உறுப்பைத் தேடிக் காணும் எஞ்சினியரின் பொறுமை வேண்டும். கப்பலிழந்தவர் நூற்கலத்தில் தமிழைக் கரைசேர்த்தார் எனலாம்.

1936 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள், தாம் விரும்பியவாறே தூத்துக்குடிக் காங்கிரஸ் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. நாடு விடுதலை பெற்றதை அவர் காணவில்லை. பெருங்கப்பல்கள் தோணியின் உதவி வேண்டாது கரையை அணுகி நிற்கும் புதிய துறைமுகம் 1974 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் அத்துறைமுகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவருடைய இரு கப்பல்களும் போயின. ஆயினும் அத்துறையில் வந்து நிற்கும் ஒவ்வொரு கப்பலும் இன்று அவர் பெயரைத் தன் கணக்கிற் குறித்துக்கொண்டே செல்கின்றது.

நம்மவர் கொள்ளவேண்டுவது

இச்சரிதத்திலிருந்து நம் சங்கத்தார் கொள்ளத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்போம்.

சங்கங்கள் பல கல்வி நிதி என்றும், மாணவர் விடுதி என்றும், கூட்டுறவுச் சேமிப்பு என்றும் தொடங்குகின்றன. தொடக்க விழாவில் மாலையும் மேளமும் குறைவதில்லை. ஆறு மாதம் கழிந்ததும் சந்தா வருவது குறைகின்றது. கணக்கெழுதுவார் ஒருவர் மட்டும் மிஞ்சுகின்றார். அவரும் சலித்தால் காரியம் நின்றுவிடுகின்றது. அப்போது நின்றதற்குக் காரணம் தேடுவார் இன்றிக் குற்றவாளியைத் தேடுவாரே பலராகின்றனர். நின்ற பொறியின்முன் கூடிநின்று முணுமுணுத்தல் எவர்க்கும் கூடும். கீழே இறங்கி எந்த உறுப்புப் பிசகியதென்று காண்பவர் அரியர்.

ஆதலின் எக்காரியத்தையும் குளிர்ந்த சிலிண்டரில் திடீரென ஆவி பாய்ச்சுவது போலத் தொடங்கற்க. சிறிதாகத் தொடங்கி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, வடியவேண்டிய நீரை வடித்து, அதன்பின் நங்கூரம் எடுக்க. பிறர் கலத்தை நம்பி நெடுநாள் இருத்தல் ஆகாது. இரவல் இடமும் இரவல் பணமும் ஒரு நாள் திரும்ப அழைக்கப்படும். தலைவர் ஒருவர் இருப்பின், அவர்க்குப் பின் நிற்க இருவரை இன்றே பழக்குக. எல்லாவற்றினும் மேலாக, பங்கு வாங்கிய நாளிற் காட்டிய ஊக்கத்தை, பங்குக்கு இலாபம் வாராத நாளிலும் காட்டுக.

பிள்ளையவர்களின் கம்பெனியிற் பங்கு வாங்கியோர் அனைவரும் அந்நாளில் உடன் நின்றிருப்பின், அவர் சிறையினின்றும் வெளிவந்த அன்று அவரை எதிர்கொள்ளத் தூத்துக்குடித் துறையில் அவருடைய கப்பல் காத்து நின்றிருக்கும். அவர் அதனைக் காணவில்லை. நாம் தொடங்கும் காரியங்களையேனும் அவ்வாறு நடுவில் நின்றுவிடாமற் காத்துக்கொள்வோமாக.